ஊசி தொடாத திரைச்சீலை

கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளில் குடியிருக்கும் குடும்பத்தாருக்கு,

தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே நம் வீடுகளில் ஒரு பேச்சு எழுந்துவிடும்: "இந்த வருஷமாவது கர்ட்டன் மாத்திடணும்." கர்ட்டன் என்றாலும் லங்சீர் என்றாலும் திரைச்சீலை என்றாலும் செலவு ஒன்றுதான். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலும் பண்டிகைக் கூடாரங்கள் முளைக்கும் நேரத்தில், கோலாலம்பூர் ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் துணிக்கடைகளில் ஜன்னல் அளவு எழுதிய துண்டுச்சீட்டோடு நம் பெண்கள் நிற்பார்கள். துணியைத் தேர்ந்தெடுத்துவிடலாம். அடுத்த கேள்வியில்தான் சிக்கல்: யார் தைப்பது, எப்போது கிடைக்கும், கூலி எவ்வளவு? நான் சொல்ல வருவது இதுதான்: நம் அடுக்குமாடி வீடுகளின் பெரும்பாலான ஜன்னல்களுக்குத் தைத்த திரைச்சீலை தேவையே இல்லை. தையல்கூலி மிச்சம் என்பதோடு இது முடியவில்லை. நம் வெயிலுக்கும் வாடகை வீட்டு வாழ்க்கைக்கும் தைக்காத துணிதான் கூடுதலாகப் பொருந்துகிறது என்பது என் கட்சி. அதற்கான காரணங்களைச் சொல்கிறேன். எதிர்க்கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன்.

முதலில் கணக்கு. 2025 பிப்ரவரி முதல் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. கோலாலம்பூரில் மக்கள் வீடமைப்புத் திட்டம் என்ற பிபிஆர் வீட்டின் மாத வாடகை 124 வெள்ளி. சுமார் 700 சதுர அடி; மூன்று அறை, ஒரு கூடம். எப்படிப் பார்த்தாலும் நாலைந்து ஜன்னல் தேறும். கடையில் நமக்குப் பரிந்துரைப்பது பெரும்பாலும் மடிப்பு வைத்துத் தைத்த கர்ட்டன். அதற்கு ஜன்னல் அகலத்தைப்போல் இரண்டரை மடங்கு துணி வேண்டும். 1.2 மீட்டர் ஜன்னலுக்கு மூன்று மீட்டர். வெறும் கிளிப் வளையத்தில் தொங்கும் துணிக்கு ஒன்றரை மடங்கு போதும், 1.8 மீட்டர். ஐந்து ஜன்னலுக்குக் கூட்டிப் பாருங்கள்: பதினைந்து மீட்டருக்குப் பதில் ஒன்பது. உள்ளே மெல்லிய வலைத்துணி, வெளியே கனத்த துணி என்று இரண்டு அடுக்காகக் கடைக்காரர் சொன்னால் இந்த வித்தியாசமும் இரட்டிப்பாகும். இதற்குமேல் மடிப்புக் கூலி, மடிப்புக்குள் வைக்கும் விறைப்புப் பட்டை, கொக்கி, தண்டவாளம் எல்லாம் தனி. ஆக, நாம் கொடுக்கும் பணத்தில் கணிசமான பகுதி மடிப்புக்குப் போகிறது. அந்த மடிப்பு வெயிலை மறைப்பதில்லை, பக்கத்து பிளாக்கின் பார்வையைத் தடுப்பதில்லை. பார்க்க அழகாக இருக்கிறது, அவ்வளவுதான். அழகுக்குச் செலவு செய்வது தப்பில்லை. ஆனால் வாடகைக்குச் சமமான தொகையை அதற்குக் கொடுக்கும்போது எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

கர்ட்டனில் தையல் செய்கிற வேலைதான் என்ன? இரண்டே வேலை. வெட்டிய ஓரம் பிரியாமல் மடித்துப் பிடிப்பது ஒன்று. மேலே கம்பி நுழைய வழி செய்வது மற்றொன்று. இரண்டாவது வேலையைக் கிளிப் வளையம் செய்துவிடும். முதல் வேலை வெட்டிய ஓரத்துக்கு மட்டும்தான் வேண்டும். தறியில் இறங்கும் துணிக்கு நீளவாட்டில் இரண்டு பக்கமும் கரை இருக்கிறது; அது பிரியாது. கடையில் திரைச்சீலைக்கென்றே விற்கும் துணி பல, 280 சென்டிமீட்டர் அகலம். அதைத் திருப்பிப் பிடித்தால் அகலம் உயரமாகிவிடும். தரை வரை தொங்கும் கர்ட்டனுக்கு ஒட்டுப் போடாமல் ஒரே துண்டாக எடுக்க வேண்டும் என்றுதான் இந்த அகலத்தில் நெய்கிறார்கள். நம் பிளாட் ஜன்னல்கள் பலவும் இடுப்பளவில் தொடங்கி ஒரு மீட்டரோ சற்று மேலோ உயரம் கொண்டவை. அப்படியானால் 280-ஐ நடுவில் வெட்டி இரண்டு 140 ஆக்கலாம். வாங்குவது ஒரு மீட்டர், ஜன்னலுக்குக் கிடைப்பது இரண்டு மீட்டர். வெட்டிய ஓரத்தை மேலே வைத்து மடித்துக் கிளிப்புக்குள் மறைத்துவிடுங்கள்; கரை கீழே வரும். கீழ் ஓரத்துக்கு எந்த வேலையும் இல்லை. மிச்சம் இருப்பது பக்கவாட்டு ஓரங்கள் மட்டும். அவற்றுக்கு இஸ்திரிப் பெட்டியால் ஒட்டும் பட்டை போதும். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

கடைத்துணிகூட வேண்டாம், வீட்டிலேயே இருக்கிறது என்பவர்களுக்குப் புடவை. ஐந்தரை மீட்டர் நீளம், ஒன்று அல்லது ஒன்றேகால் மீட்டர் அகலம், இரண்டு பக்கமும் கரை. இதைக் கர்ட்டனாக்க நினைப்பவர்கள் முதலில் செய்யப் பார்ப்பது நடுவில் வெட்டி இரண்டு பக்கமும் தொங்கவிடுவது. அதில் ஒரு கோளாறு உண்டு: முந்தானை ஒரு முனையில்தான் இருக்கிறது. இடது பக்கம் பூவும் சரிகையுமாக நிற்க, வலது பக்கம் வெறிச்சென்று இருக்கும். புடவையைப் படுக்கை வாட்டில் கட்டிப் பாருங்கள். ஒரு மீட்டர் உயர ஜன்னலுக்குப் புடவையின் அகலமே போதுமான உயரம். நீளம் முழுவதும் அகலவாட்டில் ஓடும். கூடத்து ஜன்னல் 2.4 மீட்டர் என்றால் இரண்டு மடங்குக்கு மேலேயே சுருக்கம் கிடைக்கிறது, மடிப்புக் கர்ட்டனுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். மேல் கரை கிளிப்புகளுக்குள் போய்விடும். கீழ்க் கரை ஜன்னல் திண்டின் மேல் ஒரே கோடாக நிற்கும்; முந்தானை ஒரு பக்கக் கடைசியில் மட்டும் விழும், அது குறையாகத் தெரியாது. வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. கழற்றித் துவைத்து இஸ்திரி போட்டால் மறுபடியும் கட்டலாம். ரவிக்கைத் துணி சேர்ந்தே வந்த புடவையானால், தைக்காமல் கிடக்கும் அந்தத் துண்டைக் கிழித்துத் திரையை ஓரம் கட்டும் நாடாவாக்கிக்கொள்ளலாம். எட்டு முழ வேட்டிக்கும் இதே கணக்கு செல்லும்: சுமார் 3.6 மீட்டர் நீளம், சின்ன அறை ஜன்னலுக்குத் தாராளம்.

வேட்டியைச் சும்மா சொல்லவில்லை. வெயிலுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு. கோலாலம்பூர் நிலநடுக்கோட்டுக்கு மூன்று டிகிரி வடக்கே இருக்கிறது. வருடம் முழுவதும் நடுப்பகல் சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல். வடக்கு, தெற்குச் சுவர்களில் அது பெரிதாக விழுவதில்லை. அடிவாங்குவது கிழக்கும் மேற்கும். மேற்குப் பார்த்த அறையில் பிற்பகல் இரண்டு மணிக்குமேல் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த அறைக்குத்தான் கனமான, கரும்பழுப்பு நிறக் கர்ட்டனை வாங்கிப் போடுகிறோம். கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த வெயிலை இருண்ட துணி உறிஞ்சிக்கொள்ளும். சூடேறி அதை அறைக்குள்ளேயே விடும். வெள்ளைத் துணி அதில் ஒரு பங்கையாவது கண்ணாடி வழியாகத் திருப்பி அனுப்பும். மேற்கு ஜன்னலுக்குக் கண்ணாடியை ஒட்டி ஒரு வெள்ளை வேட்டி, அறைப் பக்கம் உங்களுக்குப் பிடித்த நிறத்தில் ஒரு துணி என்று இரண்டு கம்பியில் தொங்கவிட்டால், விலை உயர்ந்த ஒற்றைக் கனத்திரையைவிட அறை குளிர்ச்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். கண்ணாடிப் பட்டைகளைத் திருப்பித் திறக்கும் பழைய ஜன்னல் உள்ளவர்களுக்கு இன்னொரு லாபம்: மெல்லிய துணி காற்றை விடும், கனத்த துணி அடைத்துவிடும்.

தூசியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2005 ஆகஸ்டில் கிள்ளான் துறைமுகப் பகுதியில் புகைமூட்டத்தால் அவசரநிலையே அறிவித்தார்கள்; 2015-லும் 2019-லும் மறுபடி மூட்டம். மூட்டம் இல்லாத மாதங்களிலும் பெடரல் நெடுஞ்சாலை ஓரத்து பிளாக்குகளின் ஜன்னலில் கறுப்புப் பொடி படிந்துகொண்டுதான் இருக்கிறது. துணி அதை வடிகட்டிப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இரண்டு அடுக்கு மடிப்புக் கர்ட்டனைக் கழற்றிக் கொக்கி நீக்கித் துவைப்பது ஒருநாள் வேலை. ஆகவே வருடத்துக்கு ஒருமுறை, தீபாவளிக்கு முன்பு மட்டும் நடக்கிறது. கிளிப்பில் தொங்கும் தட்டையான துணியை ஐந்து நிமிடத்தில் கழற்றி, மற்ற துணிகளோடு சேர்த்து மெஷினில் போடலாம். ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்த ஒரு வசதிக்காகவே மாற்றிக்கொள்ளலாம்.

இனி மாட்டும் விதம். தனியார் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் இரண்டு மாத வாடகையை முன்பணமாகக் கொடுத்திருப்பார்கள். சுவரில் போட்ட ஒவ்வொரு துளையும் வீட்டைக் காலி செய்யும்போது வீட்டுக்காரர் பேசப்போகும் விஷயம். துளையே போடாமல், திருகினால் நீண்டு இரண்டு பக்கச் சுவரையும் அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் ராடு கிடைக்கிறது. ஜன்னல் சுவருக்குள் குழிந்து இருந்தால்தான் இது பயன்படும். பிளாட்டுகளில் பலவும் அப்படித்தான் இருக்கின்றன. அரைக் கிலோ எடையுள்ள புடவையைத் தாங்கும். தடித்த இருட்டுத் துணியைத் தாங்காது, ஒருநாள் ராத்திரி தடால் என்று விழும். பிளாஸ்டிக் உறை போட்ட ஸ்பிரிங் கம்பியும் இரண்டு கொக்கியும் நம்மவர்களுக்குப் பழகியவை. சின்ன ஜன்னலுக்கு இன்றும் அதைவிட மலிவு எதுவும் இல்லை. ஆனால் இரண்டு மீட்டரைத் தாண்டினால் நடுவில் தொய்ந்துவிடும். இந்தச் சாமான்கள் எல்லாம் பசார் மாலாமிலும் இரும்புக்கடையிலும் கிடைக்கும். 2005-ல் இதே ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் முதல் கடையைத் திறந்த மிஸ்டர் டிஐஒய் இப்போது எந்தத் தாமானில்தான் இல்லை!

ஒட்டுப் பட்டைக்கு வருகிறேன், ஏனென்றால் இதில்தான் பலர் ஏமாந்து "தைக்காத கர்ட்டன் நிக்காது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். புதுத் துணியை முதலில் ஒருமுறை அலசிக் காயவையுங்கள். பருத்தி சுருங்கும் என்பது ஒரு காரணம். புதுத் துணியின் பசைப்பூச்சு மேல் பட்டை ஒட்டாது என்பது அதைவிட முக்கியம். ஓரத்தை இரண்டு விரல் அகலம் மடித்து, இஸ்திரிப் பெட்டியால் ஒரு கோடு விழ வையுங்கள். பட்டையை மடிப்புக்குள் வைத்து, மேலே ஈரத்துணி போட்டு, பெட்டியை ஒரே இடத்தில் பத்துப் பதினைந்து விநாடி அழுத்துங்கள். துணி துவைத்து இஸ்திரி போடுவதுபோல் இழுக்கக் கூடாது. இழுத்தால் பட்டை சுருண்டு ஓரம் நெளியும். தூக்கி அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். முழுக்க ஆறும்வரை தொடாதீர்கள். சூட்டில் உருகிய பசை ஆறும்போதுதான் பிடிக்கிறது. சூட்டில் பிடித்தது சூட்டில்தான் விடும் என்பதால் ஒட்டிய கர்ட்டனை டோபியின் டிரையரில் போடாதீர்கள். தண்ணீரில் அலசி, நிழலில் காயப்போடுங்கள். அப்படியும் ஓரிடத்தில் பிரிந்தால் அந்த ஒரு சாணுக்குப் புதுப் பட்டை வைத்தால் தீர்ந்தது. படுக்கை வாட்டுப் புடவைக்கு இந்தப் பாடு எதுவும் கிடையாது. பருத்தியோ பாலியஸ்டரோ, எங்கே வேண்டுமானாலும் துவைக்கலாம்.

உங்களில் பெரியவர்கள் சிலர் இந்நேரம் முகம் சுளித்திருப்பார்கள். அவர்களுடைய ஆட்சேபம் அழகைப் பற்றியது இல்லை. தோட்டத்து லயன் வீடுகளில் ஒரே அறையைப் புடவையால் தடுத்து, இந்தப் பக்கம் மாமியார், அந்தப் பக்கம் மருமகள் என்று குடித்தனம் நடந்தது. வாசலுக்குக் கிழிந்த புடவை. அதிலிருந்து வெளியேறி, பிள்ளைகளைப் படிக்கவைத்து, சுவரும் கதவும் உள்ள வீட்டுக்கு வந்தவர்களிடம் "ஜன்னலுக்குப் புடவை கட்டுங்கள்" என்றால் சுருக்கென்றுதான் இருக்கும். இந்த வருத்தத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த வாழ்க்கையில் இல்லாமல் இருந்தவை சுவரும் இடமும் கூலியும். துணி அங்கே செய்த வேலையில் ஒரு பழுதும் கிடையாது. அதே புடவைதான் தூளியாகிப் பிள்ளைகளைத் தூங்கவைத்தது, அதைப் பற்றி யாரும் வெட்கப்பட்டதில்லை. இல்லாமையால் கட்டியதும் யோசித்துத் தேர்ந்தெடுத்துக் கட்டுவதும் பார்த்தாலே தெரியும்: துவைத்து இஸ்திரி போட்ட துணி, ஒரே சீரான இடைவெளியில் கிளிப், ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் ஒரு சாண் நீண்ட கம்பி. இந்த மூன்றும் இருந்தால் திறந்த இல்ல உபசரிப்புக்கு வருபவர்கள் தையலைத் தேடமாட்டார்கள். அப்படியும் மனம் ஒப்பாவிட்டால் புடவையை விட்டுவிடுங்கள். 280 அகலத் துணிக்கு எந்தப் பழைய நினைவும் கிடையாது.

இன்னொரு ஆட்சேபம் நியாயமானது: வீட்டிலிருந்தே தைத்துச் சம்பாதிக்கும் பெண்கள் நம் பிளாக்குகளிலேயே இருக்கிறார்கள், அவர்கள் பிழைப்பு என்ன ஆவது? தீபாவளிக்கு முந்திய வாரங்களில் அவர்கள் வாசலில் போய்ப் பாருங்கள். ரவிக்கை அளவு எழுதிய காகிதம் குத்திய பைகள் மலைபோல் குவிந்திருக்கும். "இனி எடுக்கமாட்டேன்கா" என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பார்கள். ரவிக்கை கை தேர்ந்த வேலை. கழுத்து, கை என்று ஒவ்வொருவர் உடம்புக்கும் தனி வெட்டு. கர்ட்டன் நேர்க்கோடு. மீட்டர் கணக்கில் கனத்த துணியை மெஷினில் தள்ளுவது தோளுக்கு வலி, கூலிக்குக் குறைச்சல். அந்த வேலை குறைந்தால் அவர்கள் நேரம் நல்ல கூலி கிடைக்கும் வேலைக்குப் போகும். தையல்காரருக்கு நன்மை செய்ய நினைப்பவர்கள் ரவிக்கையை முன்கூட்டியே கொடுத்து, கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்தால் போதும்.

மூன்றாவது கேள்வி ரெடிமேட் கர்ட்டன். அது மலிவாகக் கிடைக்கும்போது இவ்வளவு யோசனை எதற்கு? வாங்கலாம், உங்கள் ஜன்னலுக்குச் சரியாக இருந்தால். அது பெரும்பாலும் இரண்டே உயரத்தில் வருகிறது: குட்டை, தரை வரை. இடையில் நிற்கும் ஜன்னலுக்குக் குட்டை ஏறி நிற்கும், நெட்டை தரையில் புரளும். வெட்டித் தைக்கக் கொடுத்தால் மறுபடி கூலி. ஆனாலும் ஒட்டுப் பட்டை தெரிந்தவருக்கு ரெடிமேடும் வசதிதான். நெட்டையை வாங்கி வேண்டிய அளவுக்கு மடித்து ஒட்டிக்கொள்ளலாம். அதற்கு நான் எதிரி இல்லை.

தைக்காத துணி ஆகாத இடங்களும் உண்டு, அவற்றை மறைக்க விரும்பவில்லை. கிள்ளான் துறைமுகத்திலோ ஷா ஆலாம் தொழிற்சாலைகளிலோ இரவு வேலை பார்த்துப் பகலில் தூங்குபவர் அறைக்கு இருட்டுத் துணி வேண்டும். அது கனமானது, ஸ்பிரிங் ராடு தாங்காது. துளை போட்டுக் கம்பி அடித்து, தைத்தே போடுங்கள். அங்கே கூலி வீண் செலவில்லை. பட்டுப் புடவையை எந்த ஜன்னலிலும் கட்டாதீர்கள். வெயில் பட்டால் முதலில் இற்றுப்போவது பட்டு நூல்தான், நைலானும் அதிக நாள் நிற்காது. பாலியஸ்டர் வெயிலைத் தாங்கும், பருத்தி நடுத்தரம். மழைச்சாரல் அடிக்கும் ஜன்னலில் பருத்திக்குப் பூஞ்சணப் புள்ளி வரும். படுக்கையறைக்கு ஒற்றைப் புடவை போதாது: இரவில் உள்ளே விளக்கு எரிந்தால் எதிர் பிளாக்கிலிருந்து நிழலுருவம் அப்படியே தெரியும். மாட்டியபின் வீட்டில் ஒருவர் கீழே போய் நின்று பார்த்துச் சொல்லட்டும், தெரிந்தால் இரண்டாவது அடுக்குப் போடுங்கள். அடுப்பு ஜன்னலுக்கும் சாமி மேடைக்குப் பக்கத்து ஜன்னலுக்கும் தொங்கும் துணியே வேண்டாம். செயற்கை நூல் புடவை தீப்பட்டால் உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும், பருத்தி மளமளவென்று எரியும், தைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும். அந்த இரண்டு ஜன்னலுக்கும் கண்ணாடியில் ஒட்டும் பனிப்படலத் தாள் போதும்.

இந்த வருடம் எல்லா ஜன்னலையும் ஒரேயடியாக மாற்றச் சொல்லவில்லை. கூடத்து ஜன்னலை விட்டுவிட்டு, விருந்தாளி எட்டிப் பார்க்காத ஓர் அறையில் தொடங்குங்கள். அலமாரியில் கட்டாமல் கிடக்கும் ஒரு பருத்திப் புடவை, ஒரு டஜன் கிளிப் வளையம், ஒரு ராடு. ஒரு மாதம் பாருங்கள்: வெயில் எப்படி, துவைக்க எப்படி, தொய்கிறதா என்று. சரிப்பட்டால் மற்ற ஜன்னல்களின் அளவை எடுத்துக்கொண்டு துணிக்கடைக்குப் போங்கள். அகலம் ஒன்றரை மடங்கு, உயரத்தோடு ஒரு சாண் கூட. கடைக்காரர் "எத்தனை செட் தைக்கணும்?" என்று கேட்பார். துணி மட்டும் போதும் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களைப்போல் அடுக்குமாடியில் குடியிருக்கும் ஒருவர்